பெட்டிக்கு எடுத்து வைத்த சேலை

“ஒரு சேலைக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா, பெத்த பிள்ள கேட்டா, எடுத்துக் குடுத்தேன், இப்ப என்ன, நீ செத்தா போயிட்ட, உனக்கு வேணுங்கும்போது தந்துட்டுப் போறா.” அப்படியே இப்படித்தான் சொன்னார் என் வீட்டுக்காரர். நான் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார், வழக்கு முடிந்துவிட்டதாம். காலமெல்லாம் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி அனுப்பிய மனுஷன், கையை விட்டுப் போனால் பொறுப்பும் விட்டது என்று நினைக்கிற ரகம். உனக்கு வேணுங்கும்போது. எனக்கு எப்போது வேணும் என்று எனக்கு யார் சொல்லுவார்கள், முந்தின நாள் ஆள் விட்டு அனுப்புவார்களா, மார்சலின் அம்மா, நாளைக்குப் புறப்பாடு, சேலையை வரவழைத்து வையுங்கள் என்று? தரையில் பேப்பரை விரித்து இறாலோடு உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறால் உரிக்கிற பொம்பளை இந்தத் தூத்துக்குடியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், காலையிலேயே வாங்கி வந்திருந்தால் மத்தியானமே முடிந்திருக்கும், பூசைக்குப் போன இவர் கோயில் வாசலில் நின்று மகளைப் பற்றிப் பெருமை அடித்துவிட்டு வெயில் ஏறித்தான் மீன் கடைக்குப் போனார். தலையைக் கிள்ளு, ஓட்டை உரி, முதுகைக் கீறு, கறுப்பு நரம்பை இழு. டிவியில் சினிமா விருது விழா, சிவப்புக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். இன்னும் பெரிய ஆட்கள் யாரும் வரவில்லை, ஒரு பையனும் பெண்ணும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமில்லாததற்குச் சிரிக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பெனிட்டா வருவாள். பாடகி பெனிட்டா. என் பெண். போன வாரம் நான் மாதா கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போன நேரமாகப் பார்த்து அவள் கேட்டதும், இவர் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்ததும் என் கல்யாணச் சேலை. எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு அந்தச் சேலை இரண்டே தடவைதான். கோயிலில் தாலி ஏறும்போது ஒரு தடவை, பெட்டிக்குள் படுக்க வைக்கும்போது ஒரு தடவை. நடுவில் ஆசைக்குக்கூட எடுத்து உடுத்த மாட்டோம். வெங்காயத் தோல் நிறம், அரை விரல் சரிகை, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு, மேலே ஜெபமாலையை வைத்து அடித்தட்டில் கிடந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றிப் போடுவேன், மடிப்பிலேயே பட்டு இற்றுவிடக் கூடாதே என்று. என் சாவுக்கு நான் இஸ்திரி போட்டு வைத்திருந்தேன், அவ்வளவுதான், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. நீ செத்தா போயிட்ட. இல்லை, போகவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

பாட வந்தவள் பாடிவிட்டுப் போக வேண்டியதுதானே, இது நானில்லை, ஊரே கேட்கிறது, நான் ஊருக்கு முன்னாலேயே கேட்டேன். முதல் விருதுக்குப் போனபோது கிழிந்த மீன் வலையைப் பாவாடையாகத் தைத்துப் போட்டுக்கொண்டு போனாள், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காகவாம். இங்கே வலை காய்கிற தெருவில் நடந்தால் மூக்கைப் பொத்துகிற பிள்ளை அது. அங்கே அதைப் பார்த்துக் கை தட்டினார்கள். இங்கே வலைக்காரப் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்கள், காப்பி போட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்ய. அடுத்த தடவை சாக்கடை அள்ளுகிறவர்களின் ஆரஞ்சுச் சட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, தரையில் இழுபடுகிற ஒரு அங்கி. அதற்குப் பிறகு இரண்டு படத்தில் அவள் பாட்டை எடுத்துவிட்டு வேறு பெண்ணைப் பாட வைத்தார்கள். “போனா போவுதும்மா, தொண்டை என்கிட்டதான இருக்கு,” என்றாள். தொண்டை என்னிடமிருந்து போனது என்று சொல்ல வந்து விழுங்கிக்கொண்டேன். எங்கள் கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் திங்கட்கிழமைதோறும் எங்களை முட்டி போட வைப்பார், பாவாடை விளிம்பு தரையைத் தொட வேண்டும், தொடவில்லையென்றால் விளிம்பைப் பிரித்து விட்டுவிடுவார், நூல் தொங்கத் தொங்க நாள் முழுக்கத் திரிய வேண்டும். துணி என்பது நம்மைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசிவிடாமல் இருப்பதற்கு என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இவள் துணியைப் பேச வைக்கிறாள். பேசினால் பதில் பேச ஆள் வரும். வந்தது. போன மாதம் வீட்டு போனில் ஒருவர், நல்ல தமிழ், நல்ல மரியாதை, இத்தனை மரியாதையை இந்தப் பக்கத்தில் கல்யாண வீட்டில்கூட நான் பார்த்ததில்லை. “அம்மா, பாப்பா நல்லா பாடுறாங்க. நல்லா பாடட்டும். இந்த வருஷம் என்ன டிரஸ்ஸும்மா?” எனக்கு அடுப்பில் பால். “என்ன உடுத்தினா உங்களுக்கென்ன, வந்து இஸ்திரி போட்டுத் தரப் போறீங்களா?” என்று கேட்டேன். சிரித்தார். கோபப்பட்டு ஏதாவது வைதிருந்தால் நானும் வைதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ரசித்துச் சிரித்தார், உங்களுக்கு நல்ல வாய்ம்மா என்றார், வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பு இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. குளியலறையில் வாளி நிரம்புகிற சத்தத்தில் இருக்கிறது. மாவு அரைக்கும்போது கிரைண்டருக்கு அடியில் இருக்கிறது. இவரிடம் சொன்னேன், “ரசிகனா இருக்கும் மார்சி,” என்றார்.

தலை, ஓடு, முதுகு, நரம்பு. இறால் கை, போனைத் தொட முடியாது, தொட்டால் நாற்றம் மூன்று நாளைக்குப் போகாது, போன் நாற்காலி மேல் கவிழ்ந்து கிடக்கிறது. கம்பளத்தில் இப்போது வில்லனாக நடிக்கிறவர் பெண்டாட்டியோடு வருகிறார், அந்த அம்மாள் ஒட்டிய பாவாடையில் தத்தித் தத்தி நடக்கிறாள், பின்னால் பலகை முழுக்க விழா நடத்தப் பணம் போட்ட கம்பெனியின் பெயர், ஒரு பூச்சிக்குக்கூட உட்கார இடமில்லாமல். அந்தப் பெயர்தான். அதே முதலாளியின் பட்டாசு ஆலையில்தான் மழைக்கு முன்னால் ஷெட் வெடித்தது. சின்னப் பெண்கள், திரி முறுக்குகிறவர்கள், அன்றைக்குச் சம்பள நாள் என்று லீவு போடாமல் வந்தவர்கள். பெனிட்டா அங்கே போனாள், ஒரு நாள் போனவள் ஒரு வாரம் இருந்தாள், திரும்பி வந்து இந்த வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். “ஒருத்திக்கும் சேலை கட்டி விட முடியலம்மா. பாலித்தீன்ல சுத்திக் குடுத்தாங்க. ஒரு அம்மா மகளோட கல்யாணத்துக்குன்னு சீட்டு கட்டி எடுத்த பட்டுச் சேலையை வச்சுக்கிட்டு நிக்கிறா, எங்க போடறதுன்னு அவளுக்குத் தெரியல.” நான் ரசத்தைச் சூடு பண்ணினேன். எனக்கு அழுகை வந்தால் அடுப்பைப் பற்ற வைப்பேன். அதற்குப் பிறகுதான் கேட்டாள். “அந்த முதலாளி மேடையில உக்காந்திருப்பாரும்மா. அவர் முன்னாடி ஒருத்தியாவது உடுத்திட்டுப் போய் நிக்கணும். உன் சேலை வேணும்.” புதிதாக வாங்கேன் என்றேன். “புதுசு வாங்கினா டிரஸ். இது டிரஸ் இல்லன்னு உனக்கே தெரியும்.” தெரியும். தெரிந்ததால்தான் சொன்னேன், “அது என் பெட்டிக்கு. உன் கம்பளத்துக்கு இல்ல.” பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனாள். அடுத்த தடவை அவள் வந்தபோது நான் நவநாளில் மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டிருந்தேன், அப்பனும் மகளும் பீரோவைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஜெபமாலையை மட்டும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், மரியாதைக்கு. வெள்ளை வேட்டி சும்மா மடிந்து கிடந்தது, உள்ளே ஆளில்லாமல். அன்று முதல் எனக்குத் தூக்கமில்லை என்றால் பட்டுக்காக அழுகிறாள் என்கிறார் இவர். பட்டு யாருக்கு வேணும். நான் படித்தவள், சிஸ்டர்களிடம் ஞானோபதேச வகுப்பில் பரிசு வாங்கியவள், மந்திரம் மாயம் எதையும் நம்புகிறவள் இல்லை, எதிர் வீட்டுக்காரி எலுமிச்சம்பழம் கட்டினால் சிரிக்கிறவள். ஆனாலும் மனசு ஒரே இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறது, உள்பாவாடை ஆணியில் மாட்டுகிற மாதிரி. அந்தச் சேலைக்கு என்று ஒரு சாவு எழுதி வைத்திருக்கிறது. என் பெயரில். கூட்டிப் போக வருகிற சம்மனசுக்கு, அந்த தேவதூதனுக்கு, முகம் தெரியுமா? உலகத்தில் இத்தனை முகம். சேலையைப் பார்த்துத்தான் வரும் என்று வைத்துக்கொண்டால். வெங்காயத் தோல் நிறம், அரை விரல் சரிகை, ஆமாம் இதுதான் என்று. கொரியர்க்காரனே பக்கத்து வீட்டுப் பார்சலை நம் வீட்டில் போட்டுவிட்டுப் போகிறான். மார்சலின், இது பைத்தியக்காரத்தனம், இறாலை உரி. எனக்கென்று எடுத்து வைத்ததை அவள் உடுத்திக்கொண்டு நடக்கப் போகிறாள். நான் இங்கே சாவே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். சாவில்லாதவள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருப்பாள், பிள்ளை போன பிறகும் இருப்பாள், அந்தப் பட்டாசு ஊர் அம்மா சேலையோடு நிற்கிற மாதிரி நின்றுகொண்டே இருப்பாள். “உப்பு போட்டு அலசினியா, போன தடவை வாடை அடிச்சது,” என்கிறார் இவர். போட்டேன். வாடை உங்கள் மூக்கில்.

“ஏட்டி, வந்துட்டா, வந்துட்டா.” கார்க் கதவு திறக்கிறது, முதலில் கால், செருப்பில்லை, கம்பளத்தில் வெறுங்கால். பிறகு சேலை. என் சேலை. முப்பட்டைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி எனக்குள் எங்கேயோ மூன்றாகத் தெரிகிறது, கல்யாணத்தில் நான், பெட்டிக்குள் நான், கம்பளத்தில் அவள். மடிப்பு வைக்கவில்லை அவள். இடுப்பைச் சுற்றி அப்படியே விட்டு, தலைப்பை நெற்றி வரை இழுத்துப் போட்டிருக்கிறாள். தலைமுடியைப் பின்னாமல் இரண்டு தோளிலும் பிரித்து முன்னால் விட்டிருக்கிறாள். காதில் ஒன்றுமில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. மைக் பிடித்த பெண் கன்னத்தில் கை வைத்து, வாவ், கோயில் சிலை மாதிரி இருக்கீங்க என்கிறாள். மாதா மாதிரி இருக்கா பாரேன் என்கிறார் இவரும், கண்ணில் தண்ணீர். இரண்டு பேருக்கும் கண்ணில்லை. போட்டோக்காரர்கள் இந்தப் பக்கம் மேடம், அந்தப் பக்கம் மேடம் என்று கத்த அவள் மெதுவாகத் திரும்பி, முதுகில் தொங்குகிற தலைப்பை ஒரு பக்கமாக ஒதுக்குகிறாள். ஜாக்கெட்டுக்கு முதுகு இல்லை. கழுத்திலிருந்து அடி வரைக்கும் திறந்து கிடக்கிறது, நடுவில் ஒரு நாடா மட்டும். “என்ன இது, முதுகு பூரா தெரியுது, தைச்சவனுக்குத் துணி பத்தலையா,” இப்போதுதான் இவருக்கு உறைக்கிறது, அதுவும் தப்பான இடத்தில். தையல் இல்லை அது. கத்திரி. விளிம்பு மடிக்காமல் நூல் தொங்குகிறது, கேமரா கிட்டே போகும்போது தெரிகிறது, நேராகக்கூட வெட்டவில்லை, அவசரத்தில் வெட்டிய வெட்டு. என் தங்கச்சி பிலோமினாவை உடுத்தினபோது இப்படித்தான் வெட்டினார்கள். மூளைக்காய்ச்சல், ஆஸ்பத்திரியிலிருந்து வரவே ராத்திரியாகிக் கை விறைத்துவிட்டது, ஜாக்கெட் ஏறவில்லை, கை மடங்க மாட்டேன் என்கிறது, உடுத்தி விடக் கோயில் சபையிலிருந்து வந்த லூர்தம்மாள் பதறாமல் முதுகுப் பக்கம் மேலிருந்து கீழே வெட்டினாள், இரண்டு பாதியாகக் கையில் மாட்டி, கீழே செருகி, பெட்டிக்குள் கிடக்கும்போது யாருக்குத் தெரியப் போகிறது என்றாள். முன்னால் இருந்து பார்த்தால் பிலோ கல்யாணப் பெண். அடியில் முதுகு வெறும் பலகை மேல். பெனிக்கு அப்போது பள்ளிக்கூட வயசு, கதவு மறைவில் நின்றதை நான் பார்த்தேன், போ என்று கண்ணைக் காட்டினேன், போனாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மல்லாந்து படுக்க மாட்டாள், முதுகு குளிருது என்பாள். நான் பூச்சி மாத்திரை கொடுத்தேன். சித்தியின் முதுகு குளிருமே என்று அந்தப் பிள்ளை அத்தனை வருஷம் யோசித்துக்கொண்டிருந்ததா. ஒருத்திக்கும் உடுத்தி விட முடியவில்லை என்று சொன்னவள், தன்னைத் தானே உடுத்திக் கொண்டுவந்து, பெட்டி மூடின பிறகு ஒருத்தரும் பார்க்காத பக்கத்தை அத்தனை கேமராவுக்கும் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். என் பெண் இதைச் செய்கிறாள். எனக்குப் பயமாக இருந்தது, அதோடு, சொல்லக் கூடாது, பெருமையாகவும் இருந்தது, இரண்டும் ஒரே இடத்தில், எது எதுவென்று பிரிக்க முடியாமல்.

மைக் பிடித்த பையன் கேட்கிறான், “மேடம், கலக்கிட்டீங்க, யாரோட டிசைன் இது?” பெனி சிரிக்கவில்லை. “டிசைன் இல்லைங்க. எங்கம்மா சாவுக்கு எடுத்து வச்ச சேலை. பட்டாசு ஷெட்ல செத்த பொண்ணுங்களுக்கு உடுத்த உடம்பு கெடைக்கல. அவங்களுக்காக நான் உடுத்திருக்கேன். உள்ள உக்காந்திருக்கிற முதலாளி ஐயா எழுந்து வந்து ஒரு தடவை பாத்துட்டா...” அவ்வளவுதான். பையன் சிரிப்பை முகத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறான், காதில் யாரோ ஏதோ சொல்ல அவன் கை காதுக்குப் போகிறது, ஓரத்திலிருந்து கறுப்புச் சட்டை ஆட்கள் இருவர் மூவர் கம்பளத்துக்குள் வருகிறார்கள், ஒருவன் அவள் முழங்கையைத் தொடுகிறான், மரியாதையாகத்தான் தொடுகிறான், தலைப்பு நெற்றியிலிருந்து நழுவுகிறது, பிறகு சமையல் எண்ணெய். பொன்னிறமான பூரி உப்புகிறது. ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறது. “ஏன் நிப்பாட்டினான்?” என்கிறார் இவர். விளம்பரம். “இல்ல, பேசிட்டிருக்கும்போது ஏன் நிப்பாட்டினான்?” இப்போது கேட்கிறார், பீரோச் சாவியைக் கையில் வைத்திருந்தபோது கேட்காதவர். பூரி, சலவைத் தூள், இன்னொரு சலவைத் தூள், நகைக் கடை. பிறகு கம்பளம். அதே பையன், அதே பெண், அதே பலகை. நடிகர் ஒருவர் வந்து நின்று அடுத்த படத்தைப் பற்றிச் சொல்கிறார். அவள் இல்லை. பெனிட்டா என்று ஒருத்தி வந்ததாக யாருக்கும் நினைவே இல்லை, கம்பளத்தில் வெறுங்காலின் தடம்கூட இல்லாமல் இருக்கிறது. “உள்ள கூட்டிட்டுப் போயிருப்பாங்க,” என்கிறார், “பாட்டுப் பாடணும்ல அவ, உள்ளதான் கூட்டிட்டுப் போயிருப்பாங்க.” முழங்கையைப் பிடித்தவன் அவளைத் திருப்பிய பக்கம் உள்பக்கமா வெளிப்பக்கமா, நான் யோசித்துப் பார்க்கிறேன், மண்டபம் அவள் வலது கைப் பக்கம், கார் வந்தது இடது கைப் பக்கம், டிவியில் பார்த்தால் எல்லாம் மாறியா தெரியும், கண்ணாடியில்தானே மாறும். வயிற்றுக்குள் அந்த நல்ல தமிழ்ச் சிரிப்பு எழுந்து உட்காருகிறது. நல்ல வாய்ம்மா. நான் அந்த வாயை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்ய. எழுந்தேன், பேப்பரோடு இறால் தரையில் சரிந்தது, ஓடு காலில் குத்துகிறது. கை கழுவவில்லை. போனை எடுத்துவிட்டேன்.

அடிக்கிறது. இந்த மாதிரி விழாவுக்குப் போனால் போனைக் கூட வருகிற சுகிர்தா கையில் கொடுத்துவிடுவாள், அலங்காரம் பார்க்கிற பெண், நாகர்கோவில்காரி, போன் அடித்தால் இரண்டாவது மணிக்கே எடுத்து, ஆன்ட்டி, சாப்ட்டாச்சு ஆன்ட்டி என்பாள். அடித்துக்கொண்டே இருக்கிறது. நின்றது. திரும்பப் போடுகிறேன், விரல் வழுக்குகிறது. “என்னட்டி, எடுக்கலையா? நான் போடட்டா?” என்று இவர் எழுந்து வருகிறார், ரிமோட்டைப் பிடித்தபடியே. சும்மா இருங்கள். பெனி எனக்குள் இருந்தபோது துள்ளாமல் ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடந்தாள், அன்றைக்கும் இவர் இப்படித்தான் வந்து நின்றார், என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று, நான் சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டு வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன், ஒரு அசைவுக்கு, ஒன்றே ஒன்றுக்கு. அடிக்கிறது. டிவியில் கை தட்டுகிறார்கள். சட்டென்று மணி நின்றது. எடுத்துவிட்டார்கள். தூரத்தில் ஆட்கள் பேசுகிற சத்தம், ஒரு கதவு, ஏதோ இழுபடுகிற சத்தம், நாற்காலியாக இருக்கும். கிட்டே மூச்சு. சுகி, என்றேன். சுகிர்தாதானேம்மா. மூச்சு இருக்கிறது, குரல் இல்லை. பெனி? யாராக இருந்தாலும் சரி, நான் ஒன்றும் வைய மாட்டேன், கேட்க மாட்டேன், யார் எவர் என்றுகூடக் கேட்க மாட்டேன், நான் பெனிட்டாவோட அம்மா பேசுகிறேன், அவளோட அம்மா. கொஞ்சம் போனை அவகிட்ட குடுங்க.